சாப்பாட்டு மணி அடித்ததும் வாய் திறக்கலாம்!

அமெரிக்கத் தொழிற்சாலைகளில் சங்கத் தேர்தல் பிரசாரத்துக்கு என்னென்ன கட்டுப்பாடு?

நியூயார்க் நகரத்துக்குக் கிழக்கே லாங் ஐலண்ட் என்ற நீண்ட தீவு இருக்கிறது. இரண்டாவது உலக யுத்த காலத்தில் அங்கே ரிபப்ளிக் ஏவியேஷன் என்ற கம்பெனி போர் விமானங்கள் செய்து வந்தது. அந்தத் தொழிற்சாலையில் ஒரு தொழிலாளி, சாப்பாட்டு இடைவேளையில், சக தொழிலாளர்களிடம் சங்க அங்கத்தினர் சீட்டுகளைக் கொடுத்தார். தொழிற்சாலைக்குள் யாரும் எதற்கும் ஆள் சேர்க்கக் கூடாது என்பது நிர்வாகத்தின் விதி. எச்சரித்தார்கள். அவர் கேட்கவில்லை. வேலை போயிற்று!

வேறு மூன்று பேர் சங்கச் சின்னத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு வேலைக்கு வந்தார்கள். கழற்றச் சொன்னார்கள், மறுத்தார்கள். அவர்களுக்கும் சீட்டுக் கிழிந்தது.

அதே சமயத்தில், தெற்கே ஜார்ஜியா மாகாணத்தில் லெ டூர்னோ கம்பெனியில் இரண்டு தொழிலாளர்கள், தங்கள் சொந்த நேரத்தில், கம்பெனியின் கார் நிறுத்தும் இடத்தில் சங்கத் துண்டுப் பிரசுரம் கொடுத்ததற்காகத் தற்காலிகமாக நீக்கப்பட்டார்கள்.

இரண்டு வழக்குகளும் சேர்ந்தே சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயின. 1945 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. தொழிலாளர்கள் பக்கம் வெற்றி! நான்கு விமானத் தொழிலாளர்களுக்கும் மீண்டும் வேலை கொடுத்து, இழந்த சம்பளத்தையும் தர வேண்டும் என்ற உத்தரவு உறுதியாயிற்று.

வேலை நேரம் வேலைக்கு உரியது. சாப்பாட்டு நேரமும், ஓய்வு நேரமும், வேலைக்கு முன்னும் பின்னும் உள்ள நேரமும் தொழிலாளிக்குச் சொந்தம். அவர் நிற்கும் நிலம் முதலாளியுடையதாக இருந்தாலும், அந்த நேரத்தில் அவர் வாயை அடைக்க முடியாது. அமெரிக்காவில் சங்கப் பிரசாரம் பற்றிய விதிகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்.

ஒரு கடைக்கு ஒரு தேர்தல்

தொழிற்சங்கத்துக்குத் தேர்தல் எதற்கு என்று கேட்கலாம். 1935 ஜூலை 5-ம் தேதி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். அதைக் கொண்டுவந்தவர் நியூயார்க் செனட்டர் ராபர்ட் வாக்னர். அந்தச் சட்டப்படி, ஒரு தொழிற்சாலையிலோ கடையிலோ குறைந்தது 100-க்கு 30 பேர் சங்கம் வேண்டும் என்று கையெழுத்துப் போட்டால் தேர்தல் கேட்கலாம். தேசியத் தொழிலாளர் உறவு போர்டு என்ற சர்க்கார் ஸ்தாபனம் ரகசிய ஓட்டெடுப்பு நடத்தும். பதிவான ஓட்டில் பாதிக்கு மேல் கிடைத்தால், அந்தச் சங்கத்தோடு நிர்வாகம் பேசியே தீர வேண்டும். சரிபாதி ஓட்டு என்றால் சங்கம் தோற்றதாகவே கணக்கு.

ஆக, இது இரண்டு சங்கங்களுக்கு இடையே நடக்கும் போட்டியாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. பெரும்பாலும் போட்டி, சங்கத்துக்கும் 'சங்கமே வேண்டாம்' என்பதற்கும்தான். 'வேண்டாம்' கட்சிக்குப் பிரசாரம் செய்பவர் முதலாளி. சம்பளம் கொடுப்பவர் அவர். ஓட்டுப் போடுகிறவரை வேலையை விட்டு நீக்கக் கூடியவரும் அவரே. இதனால்தான் இந்தத் தேர்தலுக்கு இவ்வளவு நுட்பமான விதிகள்.

பேச்சு வேறு, காகிதம் வேறு

வாய்ப் பேச்சையும் துண்டுப் பிரசுரத்தையும் போர்டு ஒரே தராசில் வைப்பதில்லை. இடைவேளையில் இருக்கும் தொழிலாளி, இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றுகூடச் சங்கத்தைப் பற்றிப் பேசலாம். ஆனால் பிரசுரம் கொடுப்பதென்றால், வேலை நடக்கும் இடத்தில் கூடாது என்று நிர்வாகம் தடுக்கலாம். காகிதம் தரையில் விழும், குப்பை சேரும், இயந்திரத்தில் சிக்கும். ஆகவே பிரசுரம் கொடுக்கச் சாப்பாட்டுக் கூடம், உடை மாற்றும் அறை, கார் நிறுத்தும் இடம் போன்றவைதான் உண்டு. 1962-ல் போர்டு வகுத்த வரம்பு இது.

இடத்துக்கு இடம் விதியும் மாறும். பெரிய கடைகளில், வாடிக்கைக்காரர்கள் நடமாடும் விற்பனைக் கூடத்தில் பிரசாரத்தை அடியோடு தடுக்கலாம். ஆஸ்பத்திரியில் நோயாளிக்குச் சிகிச்சை நடக்கும் இடத்தில் தடுக்கலாம். ஆஸ்பத்திரிச் சிற்றுண்டிச் சாலையில்? பாஸ்டன் நகரத்து பெத் இஸ்ரேல் ஆஸ்பத்திரி இதற்காகச் சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. சிற்றுண்டிச் சாலைக்குப் பெரும்பாலும் வருகிறவர்கள் ஊழியர்கள்தான். அங்கே தடுக்கக் கூடாது என்று 1978-ல் தீர்ப்பாயிற்று.

இன்னொன்றும் உண்டு. பிறந்த நாள் வசூலுக்கும் கிரிக்கெட்டைப் போன்ற பேஸ்பால் பந்தயப் பேச்சுக்கும் வேலை நேரத்தில் இடம் கொடுத்துவிட்டு, சங்கப் பேச்சுக்கு மட்டும் தடை போட்டால் அந்த விதி செல்லாது.

வாசலுக்கு வெளியே 46 அடி

இவ்வளவும் உள்ளே வேலை செய்கிற தொழிலாளிக்குத்தான். வெளியிலிருந்து வரும் சங்க அமைப்பாளருக்கு இந்த உரிமை கிடையாது.

கனெக்டிகட் மாகாணத்தில் நியூவிங்டன் என்ற ஊரில் லெக்மியர் என்ற கடை. சங்க அமைப்பாளர்கள் அந்தக் கடையின் கார் நிறுத்தும் இடத்தில் நுழைந்து, ஊழியர்களின் கார்க் கண்ணாடிகளில் பிரசுரம் செருகினார்கள். நிர்வாகம் விரட்டியது. அந்த இடத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவே 46 அடி அகலத்தில் ஒரு புல்வெளி. பெரும்பாலும் பொது நிலம். அங்கே போய் நின்றார்கள். உள்ளே போகும் கார்களின் நம்பர்களைக் குறித்து, ஊழியர்களில் ஐந்தில் ஒரு பங்குப் பேரின் விலாசத்தைக் கண்டுபிடித்தார்கள். கடிதம் எழுதினார்கள், வீட்டுக்குப் போனார்கள். இத்தனை பாடுபட்டும் கிடைத்த கையெழுத்து எத்தனை தெரியுமா? ஒன்றே ஒன்று!

1992-ல் சுப்ரீம் கோர்ட்டு கடைக்குச் சாதகமாகவே தீர்ப்புக் கூறியது. ஊழியர்கள் சுரங்க முகாமிலேயே, மலை விடுதியிலேயே குடியிருப்பதைப் போல வெளி உலகத்தோடு தொடர்பு அற்றிருந்தால் ஒழிய, வெளியாளை முதலாளி தன் நிலத்தில் விட வேண்டியதில்லை என்பது அதன் சாரம்.

வயலில் வேலை செய்கிறவர்கள் கதை வேறு. 1935 சட்டத்தில் விவசாயத் தொழிலாளருக்கும் வீட்டு வேலைக்காரருக்கும் இடமில்லை. கலிபோர்னியா மாகாணம் 1975-ல் விவசாயத் தொழிலாளருக்காகத் தனிச் சட்டம் செய்தது. அதன்படி அமைப்பாளர்கள் வருஷத்தில் 120 நாள், தினம் மூன்று மணி நேரம் தோட்டத்துக்குள் போகலாம்: வேலைக்கு முன் ஒரு மணி, சாப்பாட்டு வேளையில் ஒரு மணி, வேலை முடிந்து ஒரு மணி. சுமார் 45 வருஷம் நீடித்த அந்த உரிமையையும் 2021-ல் சுப்ரீம் கோர்ட்டு ரத்து செய்தது. நஷ்ட ஈடு கொடுக்காமல் ஒருவர் நிலத்தைச் சர்க்கார் எடுத்துக்கொள்வதற்கு இது சமம் என்று ஆறு நீதிபதிகள் சொன்னார்கள். மூன்று பேர் மறுத்தார்கள்.

இதற்கு ஓர் ஈடு உண்டு. தேர்தல் என்று முடிவானதும், ஓட்டர்களின் பெயர், விலாசப் பட்டியலை நிர்வாகம் சங்கத்துக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும். இந்த விதி 1966-ல் எக்செல்சியர் என்ற உள்ளாடைக் கம்பெனி வழக்கில் பிறந்தது. அப்போது கெடு ஏழு நாள். 2015 முதல் அமலுக்கு வந்த விதியில், நிர்வாகத்திடம் உள்ள டெலிபோன் நம்பரும் மின்னஞ்சலும் சேர்ந்தன. கெடுவும் இரண்டு வேலை நாளாகச் சுருங்கிற்று. இடையில் ஒரு முறை மாற்றப் பார்த்தும் அந்தக் கெடுவே நிலைத்தது.

முதலாளி என்ன சொல்லலாம்?

முதலாளிக்கும் பேச்சுரிமை உண்டு. 1947-ல் ஜனாதிபதி ட்ரூமனின் மறுப்பையும் மீறி நிறைவேறிய டாப்ட் - ஹார்ட்லி சட்டம் அதை எழுத்திலேயே வைத்தது. 'சங்கம் வேண்டாம் என்பது என் கருத்து' என்று அவர் தாராளமாகச் சொல்லலாம். கூடாதவை நான்கு: பயமுறுத்தக் கூடாது, 'நீ யார் பக்கம்?' என்று துருவக் கூடாது. சலுகை காட்டி ஆசை வைக்கக் கூடாது. வேவு பார்க்கக் கூடாது.

'சங்கம் வந்தால் ஆலையை மூடிவிடுவேன்' என்பது பயமுறுத்தல். ஆனால் தம் கையில் இல்லாத ஒரு காரணத்தால் நஷ்டம் வரும் என்று கணக்கோடு எடுத்துக் காட்டினால் அது கருத்து. இந்தக் கோட்டைச் சுப்ரீம் கோர்ட்டு 1969-ல் கிழித்தது.

சலுகையில் என்ன தவறு என்று தோன்றும். டெக்ஸாஸில் ஒரு கம்பெனி, தேர்தலுக்குச் சற்று முன்பு விடுமுறையையும் ஓவர்டைமையும் பற்றிப் புதுச் சலுகைகளை அறிவித்தது. சங்கம் தோற்றது. 1964-ல் சுப்ரீம் கோர்ட்டு அதைக் குற்றம் என்றது. இன்று கொடுக்கிற கைதான் நாளைக்கும் கொடுக்க வேண்டும். மனம் மாறினால் நிறுத்தியும் விடும் என்பது தொழிலாளிக்குப் புரியாமல் போகாது. அணைக்கிற கையே அடிக்கிற கையும் ஆகலாம் அல்லவா?

சங்கத்துக்கும் கடிவாளம் உண்டு. 'தேர்தலுக்கு முன்பே கையெழுத்துப் போட்டால் உனக்குச் சேர்க்கைக் கட்டணம் தள்ளுபடி' என்று ஒரு சங்கம் ஆசை காட்டியது. ஓட்டை விலைக்கு வாங்குவதாகும் என்று 1973-ல் சுப்ரீம் கோர்ட்டு கண்டித்தது.

கட்டாயக் கூட்டம்

முதலாளியின் பெரிய ஆயுதம் கூட்டம். வேலையை நிறுத்தி, எல்லோரையும் உட்கார வைத்து, சங்கத்துக்கு எதிராகப் பேசுவது. போகாவிட்டால் தண்டனை.

1948-ல் ஜெனரல் ஷூ என்ற செருப்புக் கம்பெனியின் தலைவர், தேர்தலுக்கு முதல் நாள், தொழிலாளர்களைச் சிறு சிறு குழுவாகத் தம் சொந்த அறைக்கே வரவழைத்துப் பேசினார். பேச்சில் மிரட்டல் இல்லை. ஆனாலும் போர்டு அந்தத் தேர்தலை ரத்து செய்தது. சோதனைச் சாலையில் ரசாயனப் பொருளில் தூசி விழாமல் காப்பதைப் போல ஓட்டர் மனத்தையும் காக்க வேண்டும் என்று அது கருதியது.

1953-ல் இன்னொரு விதி: ஓட்டுப் பதிவுக்கு முந்திய 24 மணி நேரத்தில், வேலை நேரத்தில் தொழிலாளர்களைக் கூட்டி வைத்துப் பிரசங்கம் செய்யக் கூடாது. முதலாளிக்கும் சங்கத்துக்கும் ஒன்றாகவே இது பொருந்தும்.

அதற்கு முந்திய நாட்களில்? 1948 முதல் கட்டாயக் கூட்டம் சட்டப்படி சரி என்றே இருந்தது. 2024 நவம்பர் 13-ம் தேதி போர்டு அந்தப் பழைய முடிவை மாற்றி, வராவிட்டால் தண்டனை என்ற கூட்டம் குற்றம் என்று அறிவித்தது. ஆனால் போர்டின் ஐந்து அங்கத்தினர்களையும் நியமிப்பவர் ஜனாதிபதி. கட்சி மாறினால் போர்டும் மாறும். போர்டு மாறினால் விதியும் மாறும். கம்பெனி மின்னஞ்சலில் சங்கப் பேச்சு பேசலாம் என்று 2014-ல் சொன்ன போர்டு, 2019-ல் கூடாது என்றது நினைவிருக்கட்டும்.

ஓட்டு நாள்

ஓட்டுப் பதிவு பெரும்பாலும் தொழிற்சாலையிலேயே நடக்கும். போர்டின் அதிகாரி பெட்டியோடு வருவார். இரு தரப்பும் சம எண்ணிக்கையில் பார்வையாளர்களை வைக்கலாம். ஓட்டுப் போட்டவர் யார் என்று தனியாகப் பட்டியல் எழுதக் கூடாது. வரிசையில் நிற்பவரோடு கட்சிக்காரர்கள் நீண்ட நேரம் பேசக் கூடாது. வானிலையைப் பற்றிப் பேசினாலும் குற்றமே! பேச்சின் பொருள் என்ன என்று ஆராயப் போவதில்லை என்று 1968-ல் போர்டு கண்டிப்பாகச் சொல்லிவிட்டது.

ஒரு தபால் பெட்டியின் கதை

அலபாமா மாகாணத்தில் பெசமர் என்ற ஊரில் அமேசான் கம்பெனியின் கிடங்கு. 2021-ல் அங்கே தபால் மூலம் தேர்தல். சங்கத்துக்கு 738 ஓட்டு, எதிராக 1,798. ஆனால் கிடங்கின் வாசலருகே, கார் நிறுத்தும் இடத்தில், கம்பெனியின் முயற்சியால் ஒரு தபால் பெட்டி வந்திருந்தது. அதைச் சுற்றிக் கம்பெனி தன் பிரசார வாசகத்தோடு கூடாரமும் போட்டிருந்தது. ஓட்டுப் போடுகிறவரைக் கம்பெனி கவனிக்கிறது என்ற எண்ணத்தை இது உண்டாக்கும் என்று சொல்லி, போர்டு மறு தேர்தலுக்கு உத்தரவிட்டது. 2022 மறு தேர்தலில் சங்கத்துக்கு 875, எதிராக 993. தகராறுக்கு உள்ளான ஓட்டுகள் மட்டும் 416!

அதே ஆண்டில் நியூயார்க் ஸ்டேட்டன் ஐலண்ட் கிடங்கில் நடந்தது வேறு. அங்கே பிரசாரம் செய்தவர்கள் பெரும்பாலும் உள்ளே வேலை செய்தவர்கள். ஓய்வு அறைதான் அவர்கள் மேடை. வேலைக்கு 15 நிமிஷத்துக்கு முன்னும் பின்னும் வளாகத்தில் இருக்கக் கூடாது என்ற விதியை அமேசான் 2021 டிசம்பரில் போர்டோடு செய்துகொண்ட சமரசத்தில் கைவிட்டிருந்தது. அதனால் வேலை முடிந்தவர்களும் ஓய்வு அறையில் தங்கிப் பேச முடிந்தது. 2022 ஏப்ரல் 1-ம் தேதி ஓட்டு எண்ணிக்கை முடிந்தது: ஆதரவு 2,654, எதிர்ப்பு 2,131.

தலைவர் கிறிஸ் ஸ்மால்ஸோ 2020-ல் வேலையிழந்தவர், ஆகவே வெளியாள். அவர் பஸ் நிறுத்தத்தில்தான் நின்று பேச வேண்டியிருந்தது. 2022 பிப்ரவரியில் தொழிலாளர்களுக்குச் சாப்பாடு கொண்டு வந்தபோது அத்துமீறல் என்று கைது செய்யப்பட்டார்.

அபராதம் கிடையாது

இத்தனை விதி இருந்தும், மீறுகிற முதலாளிக்கு 1935 சட்டத்தில் அபராதம் கிடையாது. நீக்கப்பட்டவரைத் திரும்பச் சேர்த்து, இழந்த சம்பளத்தைக் கொடுக்க வேண்டும். அதிலும் அவர் இடையில் வேறிடத்தில் சம்பாதித்ததைக் கழித்துக்கொள்ளலாம். இனி இப்படிச் செய்ய மாட்டோம் என்று சொல்லும் நோட்டீஸ் ஒன்றைச் சுவரில் ஒட்ட வேண்டும். வழக்கு முடிய வருஷக் கணக்கில் ஆகலாம். அதற்குள் அவருடைய காலி இடத்தைப் பார்த்த மற்றவர்கள் ஓட்டுப் போட்டு முடித்திருப்பார்கள்.

ஆகவேதான் அனுபவமுள்ள சங்கத்தார் புதியவர்களுக்கு முதலில் கடிகாரம் பார்க்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். எந்த நேரத்தில் பேசினோம், எந்த இடத்தில் நின்றோம், யார் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதை அன்றைக்கே எழுதி வைக்கச் சொல்கிறார்கள். காரணம், வேலை போனால் போர்டில் புகார் கொடுக்க ஆறு மாதந்தான் கெடு. அதைத் தவறவிட்டவருக்கு, நியாயம் முழுவதும் அவர் பக்கமே இருந்தாலும், சட்டத்தின் கதவு திறக்காது.