பெங்களூர் வானூர்தித் தொழில் : வேரும் விளைவும்

சீவக சிந்தாமணியில் விசயை ஏறிச் செல்லும் மயிற்பொறிப் பகுதியை வகுப்பில் நடத்துகையில், "இது நடக்கக்கூடியதா, ஐயா?" என்று மாணவர் ஒருவரேனும் வினவாத ஆண்டில்லை. காப்பியக் கற்பனை என்று கூறி நாம் கடந்துவிடுவதுண்டு. பகுதி ஒன்று தமிழ் பயில வந்த இயற்பியல் மாணவர் ஒருவர் வேறு விதமாக வினவினார்: "கற்பனை இருக்கட்டும், இன்று உண்மையாகவே வானூர்தி செய்யும் ஊர் நமக்கு அருகில் எது? அத்தொழில் அங்கு மட்டும் ஏன் வேரூன்றியது?" முதல் வினாவிற்குப் பெங்களூர் என்று உடனே விடை பகர்ந்தோம். இரண்டாம் வினாவிற்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

1940 டிசம்பரில் மும்பைத் தொழிலதிபர் வால்சந்த் ஹீராசந்த் இந்துஸ்தான் வானூர்தித் தொழிற்சாலையைப் பெங்களூரில் நிறுவினார். இரண்டாம் உலகப்போர் மூண்டிருந்த காலம் அது. மைசூர் அரசு நிலமும் நல்கிற்று, முதலும் இட்டது. அப்போது அவ்வரசின் திவானாக விளங்கியவர் சர் மிர்ஸா இஸ்மாயில் ஆவார். ஊரின் இருப்பிடமும் கைகொடுத்தது. கடற்கரைக்கும் நாட்டெல்லைக்கும் தொலைவில் இருந்தமையால் பகைவர் தாக்குதலுக்கு எளிதில் இலக்காகாத இடம், மிதமான தட்பவெப்பம். காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து 1905-லேயே பெங்களூருக்கு மின்சாரம் வந்துவிட்டது. இவற்றினும் மேலாக, டாட்டா நிறுவனம் என மக்கள் வழங்கும் இந்திய அறிவியல் நிறுவனம் அங்கு முன்னரே இருந்தது. 1942-இல் அதில் வானூர்திப் பொறியியல் துறை தொடங்கப்பெற்றது. தொழிற்சாலைக்குப் பின் பள்ளி தோன்றுவது பல ஊர்களின் வழக்கம். பெங்களூரிலோ இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே வளர்ந்தன. அவ்வூரின் முதல் வலிமை இதுவே என்பது நம் கருத்து.

போர்க்காலத்தில் அத்தொழிற்சாலை அமெரிக்கப் படையின் மேற்பார்வையில் வானூர்திகளைப் பழுது பார்க்கும் களமாயிற்று. பழுது பார்த்தல் தாழ்ந்த பணி எனச் சிலர் எண்ணக்கூடும். ஒன்றைப் பிரித்துப் பூட்டிய கையே அதைப் படைக்கவும் துணியும். போர் முடிந்து வேலை அருகியபோது அக்கைவினைஞரைக் கலைத்துவிடாமல், இரயில் பெட்டிகளும் பேருந்துக் கூடுகளும் செய்யவைத்துக் காத்தனர். 1951-இல் எச்.டி.-2 என்னும் பயிற்சி வானூர்தி, காட்கே என்னும் அறிஞரின் வடிவமைப்பில் வானேறிய பொழுது, அதனைச் செய்யக் கைகள் ஆயத்தமாக இருந்தன.

அதே தொழிற்சாலையில் பயிற்சியாளராக வானூர்தி எஞ்சின்களைப் பிரித்துச் செப்பனிடும் பணியில் ஈடுபட்டவருள் ஒருவர், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் பயின்ற இராமேசுவரத்து இளைஞர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம். பின்னர்ப் பெங்களூரிலேயே பாதுகாப்புத் துறையின் வானூர்தி வளர்ச்சி நிலையத்தில் 'நந்தி' என்னும் காற்றுமெத்தை ஊர்தியை அவர் உருவாக்கினார். அன்றைய பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் அதில் ஏறிப் பார்த்தார்.

அடுத்த வலிமை அண்மை. தேசிய வானூர்தியியல் ஆய்வகம், எஞ்சின் ஆய்வு நிலையம், 1984-இல் இலகுரகப் போர் வானூர்திக்கென அமைந்த வடிவமைப்பு முகமை, இஸ்ரோவின் தலைமையகம் எல்லாம் ஒரே நகருள் உள்ளன. 1975-இல் சோவியத் நாட்டிலிருந்து ஏவப்பட்ட ஆரியபட்டா செயற்கைக்கோள் பீனியாவின் தொழிற்கூடக் கொட்டகைகளில்தான் உருப்பெற்றது. வடிவமைப்பவர், சோதிப்பவர், செய்பவர் ஆகிய மூவரும் ஒரு மணி நேரப் பயணத்தில் சந்தித்துப் பூசலிட்டுத் தீர்வு காணலாம். (பெங்களூரின் இன்றைய போக்குவரத்து நெரிசலில் அந்த ஒரு மணி நேரம் ஐயத்திற்குரியதே!) 1998 அணுச் சோதனையை அடுத்து அமெரிக்கா தடை விதித்து, பறத்தலைக் கட்டுப்படுத்தும் கணினி அமைப்பிற்கான உதவியை நிறுத்தியது. இங்குள்ள பொறியாளர்கள் அப்பணியைத் தாமே முடித்தனர். 2001 ஜனவரி 4 அன்று தேஜஸ் முதன்முறை பறந்தது. 2016-இல் அதற்கென முதல் படைப்பிரிவு அமைந்தது. 2018-இல் அப்பிரிவு கோவைக்கு அருகிலுள்ள சூலூருக்கு வந்தது.

பெருநிறுவனங்களை மட்டும் காண்பவர் இத்தொழிலைப் பாதியே காண்பவராவர். பீனியாவின் குறுகிய தெருக்களில் லேத்தும் சி.என்.சி. எந்திரமும் ஓயாது சுழல்கின்றன. மயிரிழையினும் நுண்ணிய அளவு பிசகினால் துண்டு கழிக்கப்படும். ஐரோப்பாவின் ஏர்பஸ் வானூர்திகளின் இறக்கை மடிப்புகளைத் தாங்கும் உறுப்புகளைப் பெங்களூர் நிறுவனம் ஒன்று செய்து அனுப்புகிறது. எல்லை தாண்டி நம் ஒசூரிலும் இத்தொழில் கிளை விட்டுள்ளது.

இனிக் குறையையும் கூறுதல் வேண்டும். அது எஞ்சின். ஜெர்மானிய அறிஞர் கூர்ட் டாங்க் வடிவமைத்த மாருத் போர் வானூர்தி 1961-இல் பறந்தது. அழகிய வடிவம்; ஒலியினும் விரைந்து செல்லக் கருதியது. ஏற்ற எஞ்சின் கிட்டாமையால் வலிமை குன்றிய எஞ்சினோடே 147 வானூர்திகள் செய்யப்பெற்றன. 1971 போரில் அவை நன்கு போரிட்டன எனினும், கருதிய விரைவை எட்டவே இல்லை. இக்குறை தீரவே 1989-இல் 'காவிரி' எஞ்சின் திட்டம் ஒப்புதல் பெற்றது. எஞ்சினுள் பாயும் வளியின் வெம்மை, சுழலும் தகடுகளின் உலோகம் உருகும் நிலையினும் மிகுதி. தகட்டினுள் நுண்துளைகள் இட்டுக் குளிர்காற்றைச் செலுத்தியும், ஒரே படிகமாக வார்த்தும் அவை உருகாது காக்கப்படுகின்றன. இவ்வார்ப்புக் கலையை உலகில் மிகச் சில நாடுகளே அறியும். அறிந்தவை பிறர்க்குக் கற்பிப்பதில்லை. காவிரி வேண்டிய உந்துவிசையைத் தரவில்லை, எடையும் கூடிற்று. 2008-இல் தேஜஸிலிருந்து அது பிரிக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் 83 தேஜஸ் வானூர்திகளுக்கு ஒப்பந்தம் ஆயிற்று; அமெரிக்க எஞ்சின்கள் காலந்தாழ்ந்து வந்தமையால், உடல் ஆயத்தமாகியும் அவை காத்துக்கிடக்க நேர்ந்தது. இதற்கிடையே ஆளில்லா வானூர்திக்கெனக் காவிரியின் மாற்று வடிவம் ஒன்றின்மேல் பணி நடைபெற்று வருகிறது.

இவற்றையெல்லாம் அம்மாணவரிடம் விளக்கியபோது, எஞ்சின் தகட்டைப் பற்றியே அவர் மீண்டும் மீண்டும் வினவினார். உலோகம் உருகும் வெம்மையில் அத்தகடு எங்ஙனம் உருகாது நிற்கிறது என்பதை இன்னும் நுட்பமாக அறிய விரும்பினார். இயற்பியல் துறை நண்பரிடம் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பினோம். மறுநாள் தமிழ் வகுப்பிற்கு அவர் வரவில்லை. ஆய்வுக்கூடத்தில் இருந்ததாகக் கேள்வியுற்றோம்.