இறையும் விடையும்

இறை என்னுஞ் சொல்லுக்குத் தமிழிலே பொருள் பல. கடவுள், அரசன் என்னும் பொருள்களை யாவரும் அறிவர். வரி என்பதும் அதன் பொருளே. நம் நாட்டின் வரித் திணைக்களம் 'உள்நாட்டு இறைவரித் திணைக்களம்' எனப் பெயர் பெற்றமை அது பற்றியேயாம். நன்னூல் கற்ற பழைய மாணவர் இன்னுமொரு பொருளையும் நினைவுகூர்வர். எண்வகை விடைகளைத் தொகுத்துரைக்குமிடத்துப் பவணந்தி முனிவர் விடையை 'இறை' என்றே வழங்கினார். வரி இறுத்தல், விடை இறுத்தல் என ஈரிடத்தும் வினை ஒன்றே. ஆயின், வரிக் கந்தோர்க் கடிதம் வாயிலில் வந்தவுடன் நம்மவருட் பலர் முதலாவது இறையை எண்ணி நடுங்கி, இரண்டாவது இறையை மறந்துவிடுகின்றனர். கடிதம் பஞ்சாங்கத்தினுள்ளே செருகப்பட்டு உறங்குகின்றது. காலம் மட்டும் உறங்குவதில்லை.

இந்த அச்சத்திற்குப் பழைய காரணமும் உண்டு. ஒல்லாந்தர் காலத்து யாழ்ப்பாணத்தில் தலைவரி இருந்தது. தலையை எண்ணி வாங்கும் வரிக்கு வினாவும் இல்லை; விடையும் இல்லை. 1932ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் இலங்கையில் வருமான வரி புகுந்தபோது இந்நிலை மாறிற்று. 'நீ எவ்வளவு ஈட்டினாய்?' என்று சட்டம் மனிதனையே வினாவலாயிற்று. இன்று வழங்கும் 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் இன்னும் ஒருபடி சென்று, தன் வரியைத் தானே கணிக்கும் பொறுப்பை வரிசெலுத்துநரிடம் ஒப்படைத்துள்ளது. அக்கணக்கிலே ஐயம் எழுந்தால் திணைக்களம் கேட்கும். கேட்பது குற்றஞ்சாட்டுதல் அன்று.

கடிதங்கள் எல்லாம் ஒருதன்மையன அல்ல. 'விபரத்திரட்டை அனுப்பினீரா?' என்பது ஏவல் வினா. ஏப்பிரில் 1 முதல் மார்ச் 31 வரையுள்ள வரியாண்டின் விபரத்திரட்டை அடுத்த நவம்பர் 30இற்குள் ஒப்படைத்தல் வேண்டும். அதனைச் செய்தலே அதற்கு விடை. 'இத்தொகை வருமானமோ, அன்றோ?' என்பது ஐயவினா. இதற்கு விளக்கம் வேண்டும். மூன்றாவது வகை மதிப்பீட்டு அறிவித்தல். அது வினாவே அன்று, முடிவு. கையில் உள்ளது எவ்வகைக் கடிதம் என்பதை முதலிலே தெளிதல் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் 3,000,000 ரூபாவை நிலையான வைப்பில் இட்டார் என்க. ஆண்டு முடிவில் அது 240,000 ரூபா வட்டியோடு அவர் கணக்கிற்குத் திரும்புகின்றது. தாளைப் பார்ப்பவர் கண்ணுக்குப் புகுந்த தொகை 3,240,000. உண்மையில் வருமானம் வட்டி மட்டுமே. முதல் அவருடைய பழைய சேமிப்பு. அரசாங்க ஓய்வூதியமோ வரிவிலக்குடையது. 2025 ஏப்பிரிலில் தொடங்கிய வரியாண்டு முதல் தனியாள் நிவாரணம் 1,800,000 ரூபா ஆதலின், அவர் இறுக்க வேண்டிய வரி ஏதுமில்லை. அவர் வாளாவிருக்க, புகுந்த தொகை முழுவதும் வருமானமெனக் கொள்ளப்படின், நிவாரணம் போக எஞ்சும் 1,440,000 ரூபாவில் முதற் பத்து இலட்சத்துக்கு 6 சதவீதமும் எஞ்சியதற்கு 18 சதவீதமுமாக 139,200 ரூபா வரி வந்து நிற்கும். வங்கிக் கூற்று ஒன்றும் நான்கு வரி விளக்கமும் தீர்க்கக்கூடிய ஐயம், மௌனத்தினாற் கடனாகிவிடுகின்றது. கடல்கடந்து வாழும் பிள்ளைகள் அனுப்பும் பணமும் இத்தகையதே. அது பெற்றோரின் ஊதியமும் அன்று, வாணிக இலாபமும் அன்று. ஆயினும் அனுப்பியவர் யாரென்று காட்டும் வங்கிச் சான்று வேண்டும்.

விடை எழுதும் முறையும் இலக்கணத்தோடு ஒத்ததே. பிழை நம்முடையதாயின் நேர் விடை கூறி, உடன்பட்டுச் செலுத்துதலே மானமும் இலாபமும் ஆகும். தாமதம் வட்டியையும் தண்டத்தையும் வளர்க்கும். பிழை இல்லையாயின் மறை விடை கூறலாம். ஆனால், வெறும் மறுப்புப் போதாது, சான்று வேண்டும். வினாவிற்கு எதிர் வினாவுவதையும் நன்னூல் விடையாக ஏற்கும், கந்தோர் ஏற்காது. கடிதத்தின் இலக்கம், திகதி, வரிசெலுத்துநர் அடையாள இலக்கம், வரியாண்டு ஆகியவற்றை முதலிற் குறித்து, கேட்டவற்றுக்கு மட்டும் ஒழுங்காக மறுமொழி எழுதுக. மூலப் பத்திரங்களை வீட்டில் வைத்துப் பிரதிகளை அனுப்புக. பதிவுத் தபாலின் பற்றுச்சீட்டைப் பேணுக. வங்கிக் கூற்றுகளையும் வரி கழித்த சான்றிதழ்களையும் ஐந்தாண்டுகளுக்கேனும் எறியாதிருத்தல் நன்று.

மதிப்பீட்டு அறிவித்தல் வந்துவிட்டதாயின் நாளெண்ணுதல் வேண்டும். அதனை ஏற்காதவர் 30 நாட்களுக்குள், காரணங்களை விரித்தெழுதி, ஆணையாளர் நாயகத்திடம் நிர்வாக மீளாய்வு கோரலாம். அம்முடிவும் ஒவ்வாதாயின், 2011ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த வரி மேன்முறையீட்டு ஆணைக்குழு உண்டு. நோய் முதலிய தக்க காரணம் காட்டினாலன்றி, 30 நாள் கடந்தபின் நியாயம் நம் பக்கம் இருந்தும் பயனில்லை.

'எனக்கு ஆங்கிலம் வராது' என்று கூறி ஒதுங்குவோரும் உளர். 1987இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தால் தமிழும் ஆட்சிமொழியாயிற்று. திணைக்களத்திற்குத் தமிழில் எழுதவும் தமிழில் மறுமொழி பெறவும் நமக்கு உரிமை உண்டு. அதன் பிராந்திய அலுவலகம் யாழ்ப்பாணத்திலேயே உள்ளது. எழுதாத உரிமை ஏட்டிலே கிடக்கும். எழுதினால் மட்டுமே அது நம் கையில் வரும்.

பரீட்சை மண்டபத்திலே வெறுந்தாளைக் கொடுத்துவிட்டு எழுந்த மாணவனுக்கு ஆசிரியர் எத்துணை இரக்கமுடையவராயினும் புள்ளி இட வகையில்லை. பிழைபட எழுதியவனுக்கேனும் ஒன்றிரண்டு கிடைக்கும். கல்லூரி வாயிலைக் கடந்து ஆண்டுகள் பல சென்றாலும் அவ்விதி மாறவில்லை. ஆதலின் பழைய மாணவர்காள், கடிதம் வந்தால் பஞ்சாங்கத்தில் நல்ல நாள் தேடற்க. வந்த நாளே நல்ல நாள். முதலில் விடையை இறுப்போம். வரி இறுக்க வேண்டுமோ, வேண்டாமோ என்பது அதன்பின் தெளியும்.