ஷூ ஊருக்கு வாய்த்த கதிர் மருத்துவர்

ஆம்பூருக்கு ஷூ எப்படியோ, இங்கிலாந்தில் நார்த்தாம்ப்டனுக்கும் அப்படித்தான். லண்டனுக்கு வடமேற்கே சுமார் நூறு கிலோமீட்டரில் இருக்கும் அந்த ஊரின் கால்பந்து அணிக்கே ‘செருப்புத் தைப்பவர்கள்’ என்றுதான் பட்டப்பெயர். அங்குள்ள பொது மருத்துவமனையில் கதிர்வீச்சு சிகிச்சை அளித்து வந்தவர் டாக்டர் பெஞ்சமின் ஜோல்ஸ். நம் பக்கம் ‘கரண்ட் வைக்கிறது’ என்கிறோமே, அந்த வேலைதான்.

அவர் காலத்து எக்ஸ்ரே எந்திரங்களில் ஒரு பெரிய தொல்லை உண்டு. உள்ளே இருக்கும் கட்டிக்குப் போதிய கதிர் போய்ச் சேருவதற்குள் மேல்தோல் வெந்துவிடும். துளைகள் போட்ட ஈயத் தகட்டை உடம்பின் மேல் வைத்து, அதன் வழியாகக் கதிரைச் செலுத்தும் முறையில் ஜோல்ஸ் இறங்கினார். துளைக்கு நேரே உள்ள தோல் புண்ணாகும். மறைந்திருக்கும் தோல் பிழைத்து, பக்கத்துப் புண்ணை ஆற்றிவிடும். இதைப் பற்றி 1953இல் ஒரு புத்தகமே எழுதினார். தோலைக் காப்பாற்றும் புதிய எந்திரங்கள் வந்ததும் இந்தச் சல்லடைத் தகடு மூலைக்குப் போய்விட்டது. இப்போது அதே யோசனை, பெரிய கட்டிகளுக்காக, கணினித் துணையோடு திரும்பி வந்திருக்கிறது.

ஆனால் ஆம்பூர்க்காரர்கள் அவரை நினைவில் வைக்க வேண்டிய காரணம் வேறு.

மூக்கிலும் அதை ஒட்டிய சைனஸ் அறைகளிலும் வரும் புற்றுநோய் மிக அரிது. ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த டொனால்ட் ஆச்சிசன், மரத்தூசியில் வேலை பார்க்கும் நாற்காலி, மேஜை தொழிலாளர்களிடம் அது அதிகம் இருப்பதை 1960களில் காட்டியிருந்தார். அடுத்து அவர், நோய்க்குறியியல் மருத்துவர் கௌடெல், ஜோல்ஸ் மூவரும் நார்த்தாம்ப்டன் பகுதி நோயாளிகள் என்ன தொழில் செய்தார்கள் என்று தோண்டினார்கள். முடிவு 1970இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது: ஷூத் தொழிலாளர்களிடம் இந்த நோய் அதிகம். எல்லோரிடமும் அல்ல, அடித்தோலையும் குதிகால் தோலையும் வெட்டித் தேய்க்கும் இடங்களில் தூசியைச் சுவாசித்தவர்களிடம். தோல் தூசி மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு பின்னர் தன் முதல் வகைப் பட்டியலில், அதாவது உறுதியானவற்றின் பட்டியலில், சேர்த்தது. தோல் பதனிடும் வேலையை அந்தப் பட்டியலில் வைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். டேனரி என்றதும் குரோமியத்தை மட்டும் பார்த்துப் பயப்படும் நாம், ஷூ கம்பெனித் தூசியைக் கண்டுகொள்வதே இல்லை.

கதிர் மருத்துவருக்கு ஆராய்ச்சிக் கேள்வியைக் கொடுப்பது பெரும்பாலும் ஊர்தான். சென்னை அடையாறில் 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனையில் அவர் மகன் கிருஷ்ணமூர்த்தியும், மறு ஆண்டு சேர்ந்த டாக்டர் சாந்தாவும் வாய்ப் புற்றுநோயோடு மல்லுக்கட்டினார்கள். வெற்றிலை, புகையிலை போட்டு வந்தவர்கள்தான் வாசலில் நின்றார்கள். 1970களில் ப்ளியோமைசின் மருந்தையும் கதிரையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த அவர்களது ஆய்வு அப்படிப் பிறந்தது. இந்தியாவின் முதல் லீனியர் ஆக்சிலரேட்டர் என்ற கதிர்வீச்சு எந்திரமும் 1976இல் அங்கேதான் வந்தது.

மூக்குப் புற்றுநோய்க்குத் திரும்புவோம். மூக்கருகே கரண்ட் வைப்பது எளிதல்ல. பக்கத்திலேயே கண்ணும் பார்வை நரம்பும் மூளையும் இருக்கின்றன. வெந்நீரில் இளகவைத்த பிளாஸ்டிக் வலையை நோயாளியின் முகத்தில் அழுத்தி, சில நிமிடங்களில் இறுகவிட்டு முகமூடி எடுப்பார்கள். அதைப் போட்டு மேஜையோடு பூட்டிவிட்டால் தலை அசையாது. வாரம் ஐந்து நாள், ஆறேழு வாரம் இதே கதை. வேலூர் சி.எம்.சி. ஐம்பது கிலோமீட்டரில் இருப்பது ஆம்பூருக்கு ஒரு பாக்கியம். ஆனாலும் தினக்கூலி போகும், பஸ் காசு போகும்.

ஆம்பூர் கம்பெனிகளில் மேல்தோல் தைக்கும் பெண்களைவிட, ஸோல் ஒட்டுமுன் தோலைத் தேய்க்கும் ரஃபிங், பஃபிங் மெஷினில் நிற்பவர்களுக்கே தூசி அதிகம். அங்கே தூசியை உறிஞ்சும் குழாய் வேலை செய்கிறதா என்று கேட்பது அவர்களின் உரிமை. ஒரு பக்க மூக்கு மட்டும் வாரக்கணக்கில் அடைத்திருந்தாலோ ரத்தம் கசிந்தாலோ, ‘சைனஸ்தான்’ என்று மாத்திரையோடு விடாமல் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் போங்கள். எந்த மெஷினில், எத்தனை வருஷம் வேலை பார்க்கிறீர்கள் என்பதை, அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

(தொடரும்)