முழங்காலுக்கு ஸ்டெம் செல் ஊசி: பணம் கட்டும் முன்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உலையடியிலும் ரோலிங் மில்லிலும் ஆயுசில் பாதியை நின்றே கழித்தவர்களுக்கு ஐம்பது தாண்டினால் முழங்கால் பிடித்துக்கொள்கிறது. பி.எஃப். பணம் கைக்கு வருவதும் கிட்டத்தட்ட அந்த வயதில்தான். 'ஒரே ஊசியில் மூட்டு இளமையாகும்' என்கிற விளம்பரம் குறிவைப்பது அந்தப் பணத்தைத்தான்.

அந்த ஊசியில் போடுவதாகச் சொல்லும் ஸ்டெம் செல் உடம்பின் விதைநெல். அது இரண்டாகப் பிரியும்போது ஒன்று ஸ்டெம் செல்லாகவே தங்கும். மற்றது ரத்தமாகவோ தோலாகவோ மாறி வேலைக்குப் போகும். வயது ஏற ஏற இந்தப் பங்கீடு குழம்புகிறது. ஜெர்மனியின் உல்ம் பல்கலைக்கழகத்தில் ஹார்ட்முட் கைகர் குழுவினர் எலிகளின் ரத்த ஸ்டெம் செல்களில் இதைக் கண்டார்கள். கிழட்டு செல்லில் உட்கருவின் உட்சுவரைத் தாங்கும் லேமின் புரதம் குறைகிறது. உள்ளே மரபணு இழைகள் அடுக்கப்பட்டிருக்கும் விதமும் மாறுகிறது. குழந்தைகளைச் சிறு வயதிலேயே முதுமையில் தள்ளும் புரோஜீரியா நோய்க்கு லேமின் மரபணுவின் பிழையே காரணம் என்பது 2003இல் தெரியவந்தது.

உங்கள் கொழுப்பிலிருந்தோ எலும்பு மஜ்ஜையிலிருந்தோ எடுத்து உங்களுக்கே போடும் செல்லுக்கும் உங்கள் வயதுதான். ஊசியில் ஏற்றியதால் அதன் உட்கரு இளமையாகிவிடாது.

ரத்தப் புற்றுநோய், தலசீமியா போன்றவற்றுக்கு ரத்த ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை நிஜமாகவே உயிர் காக்கிறது, வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதல் செய்கிறார்கள். ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டுதல்படி, ஏற்கப்பட்ட இத்தகைய நோய்களைத் தவிர மற்றவற்றுக்கு, அனுமதி பெற்ற மருத்துவ ஆய்வுக்கு வெளியே ஸ்டெம் செல் செலுத்துவது முறைகேடு. ஆபத்தும் சின்னதல்ல. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கொழுப்பு ஸ்டெம் செல்லைக் கண்ணில் போட்டுக்கொண்ட மூன்று பெண்கள் பார்வையைப் பறிகொடுத்தது 2017இல் மருத்துவ இதழில் வெளியானது. பணம் கட்டித்தான் போட்டுக்கொண்டார்கள்.

'இது ஆய்வுங்க' என்று சொன்னால், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் எண்ணைக் கேளுங்கள். ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். ஆய்வு என்று சொல்லிக்கொண்டே லட்சக்கணக்கில் கட்டணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். முறையான ஆய்வில் பாதிப்பு நேர்ந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் மருத்துவ ஆய்வுக்கான 2019 விதிகள் தரும் உரிமை.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால் சும்மா இருக்க வேண்டாம். மருத்துவப் பதிவேடுகளை எழுத்தில் கேளுங்கள். 72 மணி நேரத்தில் தர வேண்டும். பில்லையும் விளம்பரத்தின் படத்தையும் பத்திரப்படுத்துங்கள். மருத்துவமனை சென்னையில் இருந்தாலும், உங்கள் வீடு திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்தால் அந்த மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. வழி கேட்க 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. டாக்டர் மீதான புகார் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்குப் போக வேண்டும்.

மூட்டுத் தேய்மானத்துக்கு எடைக் குறைப்பு, பிசியோதெரபி, முற்றிய நிலையில் மூட்டு மாற்று அறுவை என்று சோதித்துப் பார்த்த வழிகள் இருக்கின்றன. ஐந்து வருடமாவது ஈ.எஸ்.ஐ.யில் இருந்து வயது முதிர்ந்து ஓய்வு பெற்றவர்கள், வருடத்துக்கு 120 ரூபாய் கட்டினால் தம்பதி இருவருக்கும் ஈ.எஸ்.ஐ. மருத்துவ வசதி தொடரும். கம்பெனியை விட்டு வரும் நாளிலேயே ஈ.எஸ்.ஐ. எண்ணையும் பணிச் சான்றையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.