உதைக்கும் முன் முள்ளைப் பாருங்கள்

தேனியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பெரியப்பா ஓட்டிய பழைய 350 புல்லட் அவர் கைக்கு வந்திருக்கிறது. கிளம்ப அடம்பிடிக்கிறது, ஏற்றத்தில் திணறுகிறது. மெக்கானிக் இன்ஜினைப் பிரித்துப் போர் பண்ணச் சொல்கிறார். தம்பிமார்களோ அலாய் வீலும் வெடிச்சத்த சைலன்சரும் போடலாம் என்கிறார்கள். கையில் இருப்பது கொஞ்சப் பணம். எதில் தொடங்குவது?

இன்ஜினைத் தொடாதீர்கள். முதலில் பாயிண்ட்டைப் பாருங்கள்.

1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியதிலிருந்து சுமார் அரை நூற்றாண்டு, திருவொற்றியூரில் உருவான புல்லட்டின் வார்ப்பிரும்பு இன்ஜின் அடிப்படையில் மாறவே இல்லை. 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சி.சி. அதன் பிளக்கில் எப்போது பொறி விழ வேண்டும் என்று முடிவு செய்தது நகத்தளவு உள்ள இரண்டு உலோகப் பொட்டுகள்; அதுதான் பாயிண்ட். அவை தொட்டிருக்கும்போது காயிலில் மின்சாரம் ஓடும். கேம் தள்ளி அவற்றைப் பிரிக்கும் நொடியில் பொறி. இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால், பாயிண்ட் நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது.

பக்கத்தில் ஒரு சின்ன டப்பி இருக்கும், கண்டன்சர். எங்கள் வீட்டு மாடித்தொட்டிக் குழாயைப் பட்டென மூடினால் சுவருக்குள் டங்கென்று இடிக்கும். ஓடிவந்த தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. மின்சாரத்துக்கும் அதே முரட்டுத்தனம் உண்டு. பாயிண்ட் பிரியும்போது இடைவெளியைத் தாண்டிக் குதிக்கப் பார்க்கும். அந்த வேகத்தை வாங்கிக்கொள்வது கண்டன்சர். அது செத்தால் பாயிண்ட் கருகும், பிளக்கில் பொறி சோர்ந்துவிடும்.

எனக்கு இந்த வண்டியில் மிகவும் பிடித்த விசித்திரம் ஹெட்லைட் மண்டையில் இருக்கும் ஆம்பியர் மீட்டர். சாவியைப் போட்டு, கிக்கரைக் கையால் அழுத்துவதுபோல மெதுவாக மிதியுங்கள். பாயிண்ட் மூடியிருந்தால் முள் மைனஸ் பக்கம் சாயும். திறந்ததும் நடுவுக்குத் திரும்பும். பாயிண்ட் கேம் இன்ஜினின் பாதி வேகத்தில்தான் சுற்றுகிறது. ஆகவே இரண்டு சுற்றுக்கு ஒரே ஒரு முறை, பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சியை நெருங்கும் இடத்தில்தான் அது திறக்கும். முள் நடுவுக்கு வந்தால் பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடுகிறது, ஒரு நட்டைக்கூடக் கழற்றாமல்! கம்ப்ரஷனை விடுவிக்கும் டெகாம்ப் லீவரைப் பிடித்து உச்சியை ஒரு மயிரிழை தாண்டவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, முழு மிதி. கணுக்காலைப் பதம் பார்க்கும் திருப்பி அடியும் இதில் பெரும்பாலும் தப்பும். வெறும் சார்ஜ் காட்டத்தான் அந்த மீட்டர் என்று நினைத்து, அதைப் பிடுங்கிவிட்டு டிஜிட்டல் கடிகாரம் வைத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

இனி, ஏற்றத்தில் திணறல். பாயிண்ட்டின் ஃபைபர் குதிகால் கேமில் உரசி உரசித் தேய்கிறது. இடைவெளி சுருங்குகிறது. சுருங்கினால் தாமதமாகத் திறக்கும், பொறியும் பிந்தும். இழுவை போகும், இன்ஜின் கொதிக்கும், சைலன்சர் வளைவில் நீலம் பாயும். அப்போதுதான் 'ரிங் போச்சு' என்ற தீர்ப்பு வருகிறது. ஃபீலர் கேஜ் வைத்து 0.35 முதல் 0.40 மி.மீ. இடைவெளி வைத்து, டைமிங்கையும் சரிபார்த்த பிறகு அந்தத் தீர்ப்பைக் கேளுங்கள். பல கடைகளில் ஆக்சா பிளேடைச் செருகிப் பார்க்கிறார்கள். அதன் கனம் ஏறத்தாழ 0.6 மி.மீ.; இங்கே அது உதவாது.

அலாய் வீலும் சைலன்சரும்? ஆர்.சி. விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதற்கு மாறுபடும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதி செய்தது. சட்டம் கிடக்கட்டும். திணறும் வண்டிக்குச் சத்தத்தைக் கூட்டினால் திணறல்தான் ஊருக்குக் கேட்கும். அந்தப் பணத்தில் பாயிண்ட், கண்டன்சர், பிளக், நல்ல கேபிள்கள் எல்லாம் வாங்கி மீதி இருக்கும். சென்னை வந்தால் புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் ஒரு சுற்று சுற்றுங்கள்.

புதுப் பாயிண்ட் மாட்டும்போது கேமில் துளி கிரீஸ் போதும். அதிகமானால் தெறித்துப் பொட்டுகளில் ஒட்டி அதுவே கோளாறாகும். கழற்றிய பழைய ஜோடி ஓடும் நிலையில் இருந்தால் துடைத்து டூல் பாக்ஸில் போட்டு வையுங்கள். போடி மலைப்பாதையில் கடை தேட முடியாது.