கே2-18பி: ஒரே டேட்டா, வேற வேற பதில்

2025 ஏப்ரல் 17. காலையில எழுந்து போனைப் பார்த்தா, எங்க குடும்ப வாட்ஸ்ஆப் குரூப்ல பெரியப்பா ஒரு செய்தியை ஃபார்வர்ட் பண்ணியிருந்தார். வேற்றுக் கிரகத்துல உயிர் இருக்கு, கண்டுபிடிச்சாச்சுன்னு தலைப்பு. கீழே ஒரே வரி: "என்னடா, நிஜமா? நீதான் இதெல்லாம் பேசுறவனாச்சே."

நான் உடனே பதில் போடலை. ஏன்னா இதே கிரகத்தை நம்பி நான் ஏற்கெனவே ஒரு தடவை ஏமாந்திருக்கேன். அதுக்கு அப்புறம் வர்றேன். முதல்ல கிரகத்தைப் பார்த்துடலாம்.

பேரு கே2-18பி. நம்மகிட்ட இருந்து சுமார் 124 ஒளியாண்டு தூரம். பூமியைவிட 2.6 மடங்கு அகலம், எட்டரை மடங்குக்குக் கொஞ்சம் அதிகமான நிறை. ஒரு சிவப்புக் குள்ள நட்சத்திரத்தை 33 நாளுக்கு ஒரு முறை சுத்தி வருது. இதுவரைக்கும் யாரும் இதை நேரா ஒரு புள்ளியாகக்கூட பார்த்தது கிடையாது. செய்திகள்ல வந்த நீலக் கடல் படமெல்லாம் ஓவியர் வரைஞ்சது.

அப்போ எப்படித் தெரியும்? கிரகம் தன் நட்சத்திரத்துக்குக் குறுக்கே போகும்போது நட்சத்திர வெளிச்சம் துளி குறையும். இதைக் கடப்புன்னு சொல்றாங்க. கே2-18பி கடக்கும்போது குறையுறது சுமார் 0.3 சதவீதம். கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கி இந்தக் குறைவைப் பதிவு பண்ணி, 2015-ல இந்தக் கிரகம் அறிவிக்கப்பட்டது. கெப்ளர் பார்த்தது ரெண்டே ரெண்டு கடப்பு. அப்புறம் ஸ்பிட்சர் தொலைநோக்கியை அதே பக்கம் திருப்பினப்போ, கடப்பு நடந்துச்சு, ஆனா கணக்குப் போட்ட நேரத்துக்குக் கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரம் முன்னாடியே. பழைய டேட்டாவைத் தோண்டிப் பார்த்தா, கெப்ளர் அளவீட்டுல ஒரே ஒரு புள்ளி எக்குத்தப்பா விழுந்திருக்கு. அந்த ஒத்தைப் புள்ளி மொத்தக் கணக்கையும் இழுத்துவிட்டிருக்கு. எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

சரி, கிரகம் இருக்குன்னு தெரிஞ்சாச்சு. அதோட காத்துல என்ன இருக்குன்னு எப்படிப் பார்க்கறது? சாயங்காலம் பீச்சுல சூரியன் சிவப்பாத் தெரியுதில்லையா, அது நம்ம காத்து வெளிச்சத்து மேல பண்ற வேலை. அதே மாதிரி, கடப்பு நேரத்துல நட்சத்திர ஒளியில ஒரு சின்னப் பகுதி, கிரகத்தோட விளிம்புல இருக்குற வளிமண்டலத்தை ஊடுருவி நம்மகிட்ட வருது. எந்த வாயு இருக்கோ அது தனக்குரிய அலைநீளத்தை உறிஞ்சிக்கும். அந்த ஒளியைப் பிரிச்சு நிறமாலையாப் போட்டா அங்கங்கே பள்ளம் மேடு தெரியும். ஆனா அந்தப் பள்ளத்தோட அளவு? பத்து லட்சம் ஒளித்துகள் வந்தா அதுல நூறு, இருநூறு அளவுக்கான வித்தியாசம்தான்.

இப்போ நான் ஏமாந்த கதை. 2019 செப்டம்பர்ல, ஹபிள் தொலைநோக்கி டேட்டாவை வெச்சு ரெண்டு குழுக்கள் தனித்தனியா கே2-18பி-ல நீராவி இருக்குறதுக்கான தடயம் தெரியுதுன்னு சொன்னாங்க. அவ்வளவுதான், பார்க்குறவங்ககிட்ட எல்லாம் "தண்ணி கிடைச்சாச்சு"ன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன். 2023-ல ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அதே கிரகத்தைப் பார்த்தது. மீத்தேன் தெளிவா இருந்துச்சு, கார்பன் டை ஆக்சைடு இருந்துச்சு. தண்ணியைக் காணோம்! ஹபிள் பார்த்த குறுகலான அலைநீளப் பகுதியில தண்ணியும் மீத்தேனும் கிட்டத்தட்ட ஒரே இடத்துலதான் ஒளியை உறிஞ்சும். பள்ளம் நிஜம்தான். அதுக்கு வெச்ச பேருதான் மாறிப்போச்சு.

வெப்போட அந்த ஆய்வை நடத்தினவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் நிக்கு மதுசூதன். ஹைட்ரஜன் வளிமண்டலமும் அதுக்குக் கீழே கடலும் இருக்கக்கூடிய உலகங்களுக்கு 'ஹைசியன்'னு பேர் வெச்சது அவரோட குழுதான். மீத்தேனோட கூடவே இன்னொன்னும் லேசா தலைகாட்டுற மாதிரி இருக்குன்னு 2023-லயே சொன்னாங்க: டைமெத்தில் சல்ஃபைடு, சுருக்கமா டி.எம்.எஸ். கடற்கரைக்குப் போனா ஒரு வாசனை வருமே, அதுல இதுக்குப் பெரிய பங்கு உண்டு. பூமியில இதை முக்கியமா உண்டாக்குறது கடல்ல மிதக்குற நுண்ணுயிர்கள். அதனாலதான் இவ்வளவு பரபரப்பு.

அடுத்து வெப்போட வேற ஒரு கருவியால, வேற அலைநீளத்துல, ஒரே ஒரு கடப்பைப் பார்த்தாங்க. அந்த முடிவுதான் 2025 ஏப்ரல்ல வந்தது. டி.எம்.எஸ். அல்லது அதோட நெருங்கிய சொந்தக்காரனான டைமெத்தில் டைசல்ஃபைடு, ரெண்டுல ஒண்ணோ ரெண்டுமோ இருக்கலாம். நம்பகத்தன்மை 'மூணு சிக்மா'. அதாவது, வெறும் இரைச்சல் மட்டுமே இப்படி ஒரு வடிவத்தைக் காட்ட 0.3 சதவீதம் வாய்ப்பு.

இங்கேதான் நிறைய பேர் தடுக்கி விழுந்தாங்க. "அப்போ 99.7 சதவீதம் உயிர் இருக்கு!" இல்லைங்க. அந்த எண் உயிரைப் பத்திப் பேசவே இல்லை. டி.எம்.எஸ்.-ஸைப் பத்திக்கூட முழுசாப் பேசலை. மொட்டை மாடியில காய வெச்ச வடகம் காணாமப் போச்சுன்னு வெச்சுக்கங்க. சந்தேகப் பட்டியல்ல காக்காவும் அணிலும் மட்டும் இருந்தா, ஏதோ ஒண்ணு மாட்டத்தான் செய்யும். குரங்கையும் பக்கத்து வீட்டுப் பையனையும் பட்டியல்ல சேர்த்தா? கேம்பிரிட்ஜ் குழு சோதிச்சது 20 வாயுக்களை. லூயிஸ் வெல்பேங்க்ஸும் கூட்டாளிகளும் அதை 90 ஆக்கினாங்க. அதே டேட்டாவுக்கு டி.எம்.எஸ்.-ஸைவிட நல்லாப் பொருந்துற வேற மூலக்கூறுகள் கிடைச்சுது. இந்த வெல்பேங்க்ஸ் யார் தெரியுமா? மதுசூதனோட முன்னாள் மாணவர்.

அதுக்கு முன்னாடியே ஆக்ஸ்ஃபோர்டுல ஜேக் டெய்லர் வேற ஒரு கேள்வி கேட்டார். எந்த வாயுன்னு அப்புறம் பார்க்கலாம், முதல்ல இதுல பள்ளம் மேடு இருக்கா? அவர் கணக்குப்படி, ஒரு நேர்கோடே போதும். சிகாகோ பல்கலைக்கழகக் குழு ஒண்ணு வெப் எடுத்த எல்லா டேட்டாவையும் சேர்த்து அலசி, டி.எம்.எஸ்.-ஸுக்குப் போதுமான ஆதாரம் இல்லைன்னு முடிச்சாங்க. மதுசூதன் குழு சும்மா இருக்கலை. 650 வேதிப்பொருட்களைச் சோதிச்சு, டி.எம்.எஸ். இன்னமும் முன்வரிசையிலதான் இருக்குன்னு பதில் கொடுத்தாங்க.

ஒரே தொலைநோக்கி, ஒரே டேட்டா. எப்படி இத்தனை பதில்? வெப் அனுப்புறது படம் இல்ல, எண்கள். கருவி வேலை செய்ய ஆரம்பிச்ச உடனே அளவீடு கொஞ்ச நேரம் ஆட்டம் காட்டும். அதுல எத்தனை நிமிஷத்தை வெட்டி எறியறது? பக்கத்துப் பக்கத்து அலைநீளங்களை எத்தனை எத்தனையாச் சேர்த்துக் கட்டறது? ஒவ்வொண்ணும் ஒரு ஆளோட முடிவு. வலுவான சிக்னல்னா இந்த முடிவுகளால பெருசா எதுவும் ஆகாது. மீத்தேன் அப்படித்தான், யார் எப்படிக் கணக்குப் போட்டாலும் நிக்குது. டி.எம்.எஸ். நிக்க மாட்டேங்குது.

இது எல்லாமே நடக்க முடிஞ்சதுக்குக் காரணம், வெப் டேட்டா கடைசியில பொதுவுக்கு வந்துடும். கேட்டு வாங்கின குழுவுக்குப் பொதுவா அதிகபட்சம் ஒரு வருஷம் முன்னுரிமை, அப்புறம் யார் வேணா இறக்கிக்கலாம். நீங்களும்தான்.

சரி, டி.எம்.எஸ். இருக்குன்னே நிரூபிச்சாலும்? 67பி வால்வெள்ளி பக்கத்துல 2014-ல இருந்து 2016 வரைக்கும் இருந்த ரோசெட்டா விண்கலத்தோட டேட்டாவை மறுபடி அலசினவங்க, அங்கேயும் டி.எம்.எஸ். தடயம் இருக்குன்னு சொல்லியிருக்காங்க. உறைஞ்ச பாறையும் பனியுமா இருக்குற வால்வெள்ளி அது. அங்கே எந்தப் பாசியும் மிதக்கலை.

மதுசூதனைக் குறை சொல்றது எனக்குச் சரியாப் படலை. இன்னும் 16-ல இருந்து 24 மணி நேரம் வெப் பார்த்தா, அஞ்சு சிக்மா வரைக்கும் போகலாம்னு அப்பவே அவர் தரப்பு சொல்லியாச்சு. அந்த 'இன்னும்'கிற வார்த்தை ஃபார்வர்ட்ல விழுந்துபோச்சு. அதுக்கப்புறம் கூடுதல் கடப்புகளோட வந்த ஓர் ஆய்வு மீத்தேனையும் கார்பன் டை ஆக்சைடையும் இன்னும் உறுதியாக்குச்சு, டி.எம்.எஸ். அப்பவும் உறுதியாகலை. அந்த ஆய்வுல மதுசூதனும் ஒரு ஆசிரியர்.

பெரியப்பாவுக்கு அன்னிக்கு ராத்திரி பதில் போட்டேன்: "ஒரு வாயு இருக்கலாம்னு சொல்றாங்க. அது இருக்கான்னே சண்டை நடக்குது." அவர் கேட்டது ஒண்ணுதான்: "அது எந்தப் பக்கம் இருக்கு?"

ஏப்ரல் கடைசியில ராத்திரி பத்து மணி வாக்குல மாடிக்குப் போங்க. சென்னையில இருந்து பார்த்தா கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேரா உத்திரம் நட்சத்திரம் நிக்கும், சிம்மத்தோட வால் நுனி. அதுக்குத் தென்மேற்கால, கையை நீட்டி முஷ்டி மடக்கினா எவ்வளவு அகலமோ, அதைவிடக் கொஞ்சம் கம்மியான தூரம். வெறுங்கண்ணுக்கு அங்கே ஒண்ணும் தெரியாது. அங்கேதான்.