மூளை காத்திருக்காது

மனித மூளை உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதமே. எனினும், உடல் பயன்படுத்தும் ஒட்சிசனில் சுமார் 20 சதவீதத்தை அதுவே நுகர்கின்றது. அதைச் சேமித்து வைக்கும் வசதியும் மூளைக்குக் கிடையாது. ஆகவேதான், குருதிக்குழாய் ஒன்று அடைபட்டால் சில நிமிடங்களிலேயே நரம்புக்கலங்கள் மடியத் தொடங்குகின்றன. பாரிசவாதம் பெரும்பாலும் இவ்வாறே ஏற்படுகின்றது.

முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றில் ஒன்று திடீரெனத் தோன்றினாலும், 'விடியட்டும், பார்ப்போம்' என்று நாம் தாமதிக்கலாகாது. குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நான்கரை மணித்தியாலங்களுக்குள் ஏற்ற வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் பரிசோதனையும் அவசியம். ஏனெனில், குருதிக்கசிவினால் நேர்ந்த பாரிசவாதத்திற்கு அம்மருந்தே ஆபத்தாகிவிடும். எனவே, அறிகுறி தோன்றிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, உடனே 1990 இலவச அம்புலன்ஸ் சேவையை அழைப்போம்.

இந்நோயின் பிரதான காரணி உயர் குருதியமுக்கம். அது பெரும்பாலும் எவ்வித அறிகுறியும் காட்டுவதில்லை. ஆகையால் அதனை ஒழுங்காக அளந்து பார்ப்பதும், உப்பைக் குறைப்பதும், புகைத்தலைக் கைவிடுவதும் நமது கடமையாகும். உடல் நலமாக இருக்கின்றதென எண்ணி, வைத்தியர் தந்த மாத்திரையை நாமாகவே நிறுத்துவது மூளையைப் பணயம் வைப்பதற்கு ஒப்பானது.